உடையும் முன்னே முனகும் எந்திரம்!

எண்ணெய்க் கிணற்றில் பழுதை முன்கூட்டியே கண்டுபிடிப்பது எப்படி?

சாத்தூர்ப் பக்கம் மணலாய்க் கிடக்கிற வைப்பாறு கிழக்கே நடந்து கடலில் சேருகிற இடத்தில் இருக்கிறது கீழவைப்பார். தூத்துக்குடி மாவட்டம், விளாத்திகுளம் வட்டத்தைச் சேர்ந்த கடற்கரை ஊர். மீன் பிடிப்பதும் சங்கு குளிப்பதும் இந்தக் கரையின் தொழில்கள். இந்தக் கடலில் எடுக்கும் சங்கு வங்காளத்துக்குப் போய், அங்கே கல்யாணப் பெண்ணின் கையில் வளையாக ஏறுகிறது. ஒரு காலத்தில் இங்கே முத்துக்குளிப்பும் நடந்தது. 1961ஆம் ஆண்டோடு அது நின்று போயிற்று.

முத்துக் குளிப்பவன் எப்படி இறங்குவான் தெரியுமா? கல் கட்டிய கயிற்றில் காலை ஊன்றிக் கொள்வான். மூச்சை அடக்கிக் கொண்டு பல பாகம் ஆழத்துக்கு விர்ரென்று போவான். அவனைக் கட்டிய கயிற்றின் மறு நுனி தோணியில் நிற்பவன் கையில் இருக்கும். கீழே இருப்பவன் கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவன் உடனே இழுக்க வேண்டும். அரை நிமிடம் அசட்டையாக இருந்தால் போதும், உயிர் போய் விடும்.

அந்தக் கயிற்றை யாரிடம் கொடுப்பது? மனைவியின் உடன் பிறந்தவனிடம் கொடுப்பார்கள் என்று சொல்வது வழக்கம். மச்சான் பராக்குப் பார்த்தால் போவது அவனுடைய தங்கையின் தாலி அல்லவா! அதனால் அவன் கண்ணை எடுக்க மாட்டான். கயிறு லேசாகத் துடித்தாலும் அவன் கைக்குத் தெரிந்து விடும்.

இப்போது சங்கு குளிக்கப் போகும் படகுகள் சிலவற்றில் மச்சானுக்குப் பதில் எந்திரம் வந்து விட்டது. படகில் ஒரு கம்ப்ரசர் ஓடும். அது காற்றை அழுத்தி நீண்ட குழாய் வழியாகக் கீழே அனுப்பும். குளிப்பவர் அந்தக் காற்றைச் சுவாசித்துக் கொண்டே சங்கு தேடுவார். மூச்சை அடக்க வேண்டியதில்லை. ஆனால் கம்ப்ரசரின் பெல்ட் தளர்ந்தால் காற்று குறையும். குழாயில் கீறல் விழுந்தால் காற்று வழியிலேயே போய் விடும். எஞ்சின் புகை காற்று இழுக்கும் வாயருகே வந்தால் விஷப் புகையே கீழே போகும். மேலே நிற்பவர் எஞ்சின் சத்தத்திலும் குழாயின் அசைவிலும் காதும் கண்ணுமாக இருக்க வேண்டியிருக்கிறது.

படகில் இருக்கிற சின்ன எந்திரத்துக்கே இந்தக் கவனம் வேண்டும் என்றால், பூமிக்குள் மூன்று கிலோ மீட்டர் துளை போடுகிற எந்திரத்துக்கு எவ்வளவு கவனம் வேண்டும்! இந்தக் கடற்கரைக்கு அந்த எந்திரம் அவ்வளவு தூரத்துச் சமாசாரம் அல்ல.

நம் கடலில் வந்த கப்பல்

2011ஆம் ஆண்டு மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்துக்கு ஒரு ஜப்பானியக் கப்பல் வந்தது. பெயர் 'சிக்யூ'. ஜப்பானிய மொழியில் 'பூமி' என்று அர்த்தம். நடுவில் வானளாவிய கோபுரம் நிற்கும் துளைபோடும் கப்பல் அது. ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஆழமான கடலில், கெய்ர்ன் லங்கா என்ற கம்பெனிக்காக அது துளை போட்டது. இரண்டு கிணறுகளில் எரிவாயு இருப்பது தெரிந்தது.

நம் பக்கத்தில் ராமநாதபுரம் மாவட்டத்தில் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகத்தின் கிணறுகள் இருக்கின்றன. அங்கிருந்து தூத்துக்குடிக்கு 143 கிலோ மீட்டர் நீளக் குழாய் போட்டு, 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் தேதி திறந்து வைத்தார்கள். ஆக, பூமிக்கடியில் கிடக்கும் வாயு இந்த மாவட்டத்தின் மண்ணுக்கு அடியில் குழாய் வழியே ஓடுகிறது.

உலகத்தில் எங்கே கிணறு வெடித்தாலும், பின்னால் விசாரணை நடக்கும். விசாரணைக் கட்டுகளைப் புரட்டினால் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வரும். பழுது திடீரென்று வருவதில்லை. அதற்கு முன்னால் ஏதாவது ஒரு சின்ன அறிகுறி காட்டியிருக்கும். முள் ஒரு கோடு இறங்கியிருக்கும். தொட்டியில் சேறு ஒரு விரற்கடை ஏறியிருக்கும். அதை யாரோ பார்த்தும் இருப்பார்கள். பார்த்தவர் என்ன செய்தார் என்பதுதான் கேள்வி.

சேறுதான் காவல்காரன்

கிணறு தோண்டும் விதத்தை முதலில் தெரிந்து கொள்வோம்.

கோபுரத்தின் உச்சியிலிருந்து இரும்புக் குழாய் தொங்கும். ஒரு குழாய் ஏறத்தாழ முப்பது அடி நீளம். ஒன்றோடு ஒன்றைத் திருகித் திருகி, ஆயிரக் கணக்கான அடி நீளத்துக்குக் கீழே இறக்குவார்கள். நுனியில் பல் வைத்த துளைக் கருவி இருக்கும். மேலே சுற்றினால் கீழே பாறை அறுபடும்.

குழாயின் உள்ளே பம்பு வைத்து ஒருவகைச் சேற்றை அனுப்புவார்கள். அது துளைக் கருவியின் வாய் வழியாகப் பீய்ச்சிக் கொண்டு வெளியே வந்து, குழாய்க்கும் கிணற்றுச் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் மேலே ஏறும். வரும்போது பாறைத் தூளையும் கொண்டு வரும். மேலே சல்லடையில் தூளைச் சலித்து விட்டு, சேற்றைத் தொட்டியில் விட்டு, மறுபடியும் கீழே அனுப்புவார்கள்.

சேறு என்றால் வயல் சேறு அல்ல. கனம் கூட்டுவதற்காக அதில் பேரைட் என்ற தாதுப் பொடியைக் கலப்பார்கள். ஆந்திராவில் கடப்பைப் பக்கம் மங்கம்பேட்டை என்ற ஊரில் இந்தத் தாது மலைபோல் கிடைக்கிறது.

கனம் எதற்கு? கடலில் பத்து மீட்டர் இறங்கினாலே நீரின் அழுத்தம் காதை அடைக்கும் என்பது குளிப்பவர்களுக்குத் தெரியும். பூமிக்கடியில் மூவாயிரம் மீட்டரில் அழுத்தம் எப்படி இருக்கும்? கரையில் நமக்கு இருக்கும் காற்றழுத்தத்தைப் போல முந்நூறு மடங்கும் இருக்கும், அதற்கு மேலும் இருக்கும். அங்கே அடைபட்டுக் கிடக்கிற வாயு, துளை விழுந்ததும் மேலே பாயப் பார்க்கும். அதன் தலையில் ஏறி உட்கார்ந்து அமுக்கிக் கொண்டிருப்பது இந்தச் சேறுதான். இந்தக் காவல்காரன் அசந்தால் கதை முடிந்தது.

முள் இறங்கினால்...

இப்போது பழுதுக்கு வருவோம். கோபுரத்தின் அடியில் ஒரு சின்ன அறை. அதில் துளை போடுபவர் நிற்பார். எதிரே அழுத்தம் காட்டும் முள், எடை காட்டும் முள், பம்பு எத்தனை முறை அடிக்கிறது என்று காட்டும் எண்.

பம்பு ஒரே வேகத்தில் அடிக்கிறது. ஆனால் அழுத்த முள் மெள்ள மெள்ள இறங்குகிறது. 200இல் நின்ற முள் 198க்கு வருகிறது. அரை மணி கழித்து 195. காதுக்குக் கேட்காது, கண்ணுக்கு உறுத்தாது. என்ன ஆயிற்று?

பூமிக்குள் எங்கோ குழாயில் மயிரிழை அளவு வெடிப்பு. அதன் வழியே சேறு பீய்ச்சி அடிக்கிறது. சேற்றில் மணல் உண்டு. மணல் கலந்த சேறு வேகமாகப் பீய்ச்சினால் இரும்பையே அரித்து விடும். மயிரிழை, ஊசித் துளை ஆகும். ஊசித் துளை, விரல் நுழையும் ஓட்டை ஆகும். பிறகு ஒரு கட்டத்தில் குழாய் முறுக்குத் தாங்காமல் பட்டென்று முறியும்.

அனுபவம் உள்ளவர் முள் இறங்கும்போதே வேலையை நிறுத்துவார். முதலில் பம்பைச் சோதிப்பார். பம்பின் வால்வு ஒழுகினாலும் முள் இறங்கும். பம்பில் குற்றம் இல்லை என்றால் ஓட்டை குழாயில்தான்.

இத்தனை ஆயிரம் அடியில் ஓட்டை எங்கே என்று எப்படித் தெரியும்? அதற்கு எண்ணெய்க்காரர்கள் ஒரு பழைய தந்திரம் வைத்திருக்கிறார்கள். மெல்லிய நூற்கயிற்றுத் துண்டு ஒன்றைக் குழாய்க்குள் போட்டுப் பம்பை ஓட்டுவார்கள். கயிறு சேற்றோடு இறங்கிப் போகும். ஓட்டைக்கு நேரே வந்ததும் அதில் நுழையப் பார்த்து அங்கேயே அடைத்துக் கொள்ளும். மேலே முள் சட்டென்று ஏறும்! அதுவரை பம்பு எத்தனை முறை அடித்தது என்று எண்ணினால், ஓட்டை எத்தனை அடி ஆழத்தில் என்று கணக்குப் போட்டு விடலாம். எவ்வளவு சுலபமான வழி பாருங்கள்!

கிணற்றுக்குள் மீன்

முள் இறங்கியதைக் கவனிக்காமல் விட்டால்? குழாய் முறிந்து பாதி கீழே விழுந்து விடும். அப்படி விழுந்த இரும்பை எண்ணெய்க்காரர்கள் என்னவென்று அழைக்கிறார்கள் தெரியுமா? 'மீன்'! அதை எடுக்கும் வேலைக்குப் பெயர் 'மீன் பிடித்தல்'! கீழவைப்பார்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

ஆனால் அது சிரிப்பதற்குரிய மீன்பிடிப்பு அல்ல. கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில், ஒரு சாண், இரண்டு சாண் அகலத் துளைக்குள், முறிந்து கிடக்கும் குழாயைத் தேட வேண்டும். அடியில் ஈயம் பூசிய கட்டையை இறக்கி, முறிந்த முனையின் மேல் அழுத்தி எடுப்பார்கள். ஈயத்தில் விழுந்த அச்சைப் பார்த்து, முனை எப்படி இருக்கிறது என்று ஊகிப்பார்கள். பிறகு அதைக் கவ்வும் கருவியை இறக்குவார்கள். சில சமயம் நாள் கணக்காகும். சில சமயம் வாரக் கணக்காகும். மீன் அகப்படாமலே போவதும் உண்டு. அப்போது அந்த இடத்தைச் சிமெண்டு போட்டு மூடி விட்டு, பக்கவாட்டில் புதிதாகத் துளை போட வேண்டியதுதான்.

முள் இரண்டு கோடு இறங்கியபோதே நிறுத்தியிருந்தால், ஒரு நாள் வேலையோடும் ஒரு குழாயோடும் போயிருக்கும்.

தொட்டி சொல்லும் சேதி

குழாய் முறிந்தால் பணம் போகும். சேறு தோற்றால் உயிர் போகும்.

சேறு போகும் வழியும் வரும் வழியும் ஒரே சுற்று. உள்ளே பத்துக் குடம் அனுப்பினால் வெளியே பத்துக் குடம்தான் வர வேண்டும். பதினொரு குடம் வந்தால்? கூடுதலாக வந்த ஒரு குடம் பூமிக்குள் இருந்து வந்தது. வாயு உள்ளே நுழைந்து சேற்றைத் தள்ளுகிறது என்று பொருள். அதனால்தான் சேற்றுத் தொட்டியின் மட்டத்தை இரவு பகலாகக் கவனிக்கிறார்கள்.

சந்தேகம் வந்தால் பம்பை நிறுத்தி விட்டுக் கிணற்றின் வாயைப் பார்ப்பார்கள். பம்பு நின்றால் சேறும் நிற்க வேண்டும். பம்பு நின்ற பிறகும் சேறு வழிந்து கொண்டிருந்தால், கிணறு தானாகவே பொங்குகிறது என்று அர்த்தம்.

வாயு நுழைந்து விட்டால் நேரம் மிகக் குறைவு. முந்நூறு மடங்கு அழுத்தத்தில் ஒரு குடம் அளவாக இருந்த வாயு, மேலே வந்து சேரும்போது ஏறத்தாழ முந்நூறு குடமாக விரியும். விரிய விரியச் சேற்றை வெளியே தள்ளும். சேறு குறையக் குறைய இன்னும் வாயு நுழையும்.

அந்த ஆபத்துக்காகக் கிணற்றின் தலையில் ஒரு பெரிய மூடியைப் பொருத்தி வைத்திருப்பார்கள். 1922ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸில் அபர்கிராம்பி, கேமரான் என்ற இருவர் அதைச் செய்தார்கள். இரண்டு பக்கமும் இருந்து கனத்த இரும்புத் தாடைகள் வந்து குழாயைச் சுற்றி இறுக மூடும். இன்னொரு ஜோடித் தாடை குழாயையே அறுத்து மூடும். தரைக் கிணறு என்றால் ஏறத்தாழ அரை நிமிடத்தில் மூடி விட வேண்டும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை அதை அழுத்தம் கொடுத்துச் சோதிப்பார்கள். வருஷக் கணக்கில் வேலை இல்லாமல் நிற்கிற எந்திரம் அது. கூப்பிட்ட அந்த ஒரு தடவை வேலை செய்தாக வேண்டும்!

வெடிப்புக்குள் சாயம்

1980ஆம் ஆண்டு மார்ச் 27. நார்வே நாட்டுக் கடலில், எண்ணெய்த் தொழிலாளர்கள் தங்கியிருந்த 'அலெக்சாண்டர் கீலண்டு' என்ற மிதக்கும் மேடை புயல் காற்றில் கவிழ்ந்தது. அதில் இருந்த 212 பேரில் 123 பேர் மாண்டார்கள்.

மேடைக்கு ஐந்து கால்கள். அதில் ஒன்று பிய்த்துக் கொண்டு போயிற்று. காலைத் தாங்கிய ஓர் இரும்புச் சட்டத்தில், ஒரு சின்னக் கருவியை மாட்டுவதற்காகப் போட்ட பற்றவைப்பில் வெடிப்பு இருந்தது. அலை அடிக்க அடிக்க அந்த வெடிப்பு வளர்ந்து சட்டத்தையே முறித்து விட்டது. முறிந்த துண்டை ஆராய்ந்தவர்கள் வெடிப்பின் உள்ளே ஒன்றைக் கண்டார்கள். சாயம்! கப்பல் பட்டறையில் மேடைக்கு அடித்த சாயம் வெடிப்புக்குள் இறங்கியிருந்தது. ஆகவே, மேடை கடலுக்குப் போவதற்கு முன்பே வெடிப்பு இருந்திருக்கிறது. சாயம் பூசியவருடைய தூரிகை அதன் மேலேயே போய் வந்திருக்கிறது.

அந்த மாதிரி வெடிப்பைக் கண்டுபிடிக்க இப்போது பல வழிகள். குழாயின் திருகு முனைக்குக் காந்த சக்தி ஏற்றி, அதன் மேல் நுண்ணிய இரும்புத் தூளைத் தூவுவார்கள். நல்ல இரும்பில் தூள் பரவி நிற்கும். வெடிப்பு இருந்தால் அதன் ஓரத்தில் எறும்புச் சாரை போலக் கோடாகச் சேர்ந்து விடும். காதுக்குக் கேட்காத ஒலியை இரும்புக்குள் அனுப்பி, எதிரொலி வருகிற நேரத்தைக் கொண்டு உள்ளே வெடிப்பு இருப்பதைச் சொல்வதும் உண்டு. வயிற்றில் இருக்கிற குழந்தையை ஸ்கேன் செய்து பார்க்கிறார்களே, அதே முறைதான்.

ஓடும் எந்திரத்துக்கு வேறு சோதனை. எந்திரத்தின் எண்ணெயில் சில துளி எடுத்து ஆராய்வார்கள். அதில் செம்பு இருந்தால் உள்ளே செம்பு கலந்த புஷ் தேய்கிறது. மண் இருந்தால் காற்று வடிகட்டி கிழிந்திருக்கிறது. நமக்கு ரத்தம் எடுத்துப் பார்ப்பது போல! பேரிங்கின் மேல் ஒரு சின்னக் கருவியை ஒட்டி, அதன் அதிர்வைக் கணக்கெடுப்பார்கள். பேரிங்கில் ஒரு குண்டு தேய்ந்தால், சுற்றுக்குச் சுற்று ஒரு 'டிக்'. ஒரு நிமிடத்துக்கு எத்தனை 'டிக்' என்று எண்ணினால், தேய்ந்தது குண்டா, வளையமா என்பது தெரிந்து விடும்.

இந்தக் கணக்கெல்லாம் இப்போது கம்ப்யூட்டருக்குப் போகிறது. நடுக்கடலில் ஓடும் பம்பின் அதிர்வைக் கரையில் ஓர் அறையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். பழைய பழுதுகளின் கணக்கைக் கம்ப்யூட்டருக்குப் பழக்கி வைத்தால், "இந்தப் பம்பு இன்னும் சில நாளில் கெடும் போலிருக்கிறது" என்று அது சொல்கிறது. ஆனால் கம்ப்யூட்டர் அடிக்கடி பொய்யாகவும் கூவும். பத்துத் தடவை பொய்யாகக் கூவினால், பதினோராவது தடவை மனிதன் காதைப் பொத்திக் கொள்கிறான்.

முள் சொன்னது, மனிதர் கேட்கவில்லை

அப்படித்தான் நடந்தது 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் தேதி இரவு.

இடம்: மெக்சிகோ வளைகுடா. 'டீப்வாட்டர் ஹொரைசன்' என்ற மிதக்கும் மேடை ஏறத்தாழ ஐயாயிரம் அடி ஆழமான கடலில் கிணறு தோண்டி முடித்திருந்தது. பி.பி. கம்பெனியின் கிணறு. மேடை டிரான்ஸ்ஓசன் கம்பெனிக்குச் சொந்தம். வேலை ஏறத்தாழ ஆறு வாரம் பிந்தி விட்டது. ஒரு நாள் ஓடுவதற்கு ஏறத்தாழ பத்து லட்சம் டாலர் செலவு. எல்லாருக்கும் அவசரம்.

கிணறு சரியாக அடைபட்டிருக்கிறதா என்று அன்று மாலை சோதித்தார்கள். அடைபட்டிருந்தால் முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். துளைக் குழாயில் இருந்த முள் 1,400 காட்டியது. அழுத்தத்தை இறக்கினார்கள். மறுபடியும் ஏறியது. இன்னொரு குழாயில் பார்த்தார்கள். அங்கே பூஜ்யம். ஒன்று 1,400. ஒன்று பூஜ்யம். எது சரி?

1,400க்கு ஒரு காரணம் கற்பித்தார்கள். சேற்றின் கனத்தினால் ஏற்படும் ஏதோ விளைவு என்று பேசி முடித்தார்கள். பூஜ்யத்தை நம்பினார்கள். பூஜ்யம் அவர்களுக்குப் பிடித்த பதிலாயிற்றே! கிணற்றில் இருந்த சேற்றை எடுத்து விட்டுக் கடல்நீரை விட ஆரம்பித்தார்கள். காவல்காரனை வெளியே அனுப்பியாயிற்று.

இரவு பத்து மணிக்குச் சற்று முன்பு சேறு மேடை மேல் பொங்கி வழிந்தது. பிறகு வாயு. பிறகு தீ. 11 பேர் இறந்தார்கள். கிணற்றை அடைக்க 87 நாள் ஆயிற்று.

கடலடியில் இருந்த பெரிய மூடி என்ன ஆயிற்று? விசாரணையில் தெரிந்தது. மூடியை இயக்கும் இரண்டு கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் ஒன்றில் பேட்டரி வலுவிழந்திருந்தது. மற்றதில் ஒரு வால்வின் மின்கம்பி தவறாக இணைக்கப்பட்டிருந்தது. கிணற்றின் வேகத்தில் குழாயும் வளைந்து போய், அறுக்கும் தாடைகளுக்கு நேராக நிற்கவில்லை. மேடையின் மின்னணு எந்திரங்களைப் பார்த்து வந்த தொழிலாளி ஒருவர், ஆபத்து வந்தால் தானாக ஒலிக்க வேண்டிய மணியைத் தடுத்து வைத்திருந்தார்கள் என்று சாட்சி சொன்னார். பொய் மணி அடித்து நடு ராத்திரியில் ஆட்களை எழுப்பி விடக் கூடாதாம்!

ஒரு பேட்டரி. ஒரு கம்பி. ஒரு மணி. மூன்றும் சில ரூபாயில் சரி செய்யக் கூடியவை. ஆனாலும் எனக்குப் பெரிதாகப் படுவது இவை அல்ல. 1,400 காட்டிய முள்தான். அந்த முள் பழுதாகவில்லை. அது சரியாகத்தான் வேலை செய்தது. "நிறுத்து, மறுபடியும் பார்ப்போம்" என்று சொல்வதற்கு ஒருவருக்கும் வாய் வரவில்லை. நிறுத்தினால் பத்து லட்சம் டாலர். யார் அந்தப் பழியை ஏற்பது? இப்போது பல எண்ணெய்க் கம்பெனிகள், கடைசித் தொழிலாளி கூட ஆபத்து என்று தோன்றினால் வேலையை நிறுத்தலாம், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கின்றன. விதி காகிதத்தில் இருப்பது வேறு, மேலதிகாரி எதிரே நிற்கும்போது வாய் திறப்பது வேறு.

நம் நாட்டில்

நம் நாட்டிலும் கிணறுகள் வெடித்ததுண்டு. ஆந்திராவில் கோதாவரிக் கரையில் பாசர்லபுடி என்ற இடத்தில் 1995ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் தேதி பற்றிய தீ 65 நாள் எரிந்தது. அஸ்ஸாமில் பாக்ஜான் கிணறு 2020ஆம் ஆண்டு மே 27ஆம் தேதி பொங்கி, ஜூன் 9ஆம் தேதி தீப்பிடித்து, நவம்பர் மாதம்தான் அணைந்தது. தீயணைக்கும் வீரர்கள் இருவர் உயிரிழந்தார்கள்.

தமிழ்நாட்டில், தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் 2017ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி எண்ணெய்க் குழாயில் கசிவு ஏற்பட்டு, எண்ணெய் வயலில் பரவியது. ஊரே திரண்டு போராடியது. போலீசார் தடியடி நடத்தினார்கள். பலர் கைதானார்கள். 2020ஆம் ஆண்டு காவிரிப் படுகை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக ஆயிற்று. அந்த மண்டலத்தில் புதிதாக எண்ணெய், எரிவாயு தோண்டக் கூடாது என்று சட்டம் வந்தது.

பூமிக்குள் ஓடும் பன்றி

கிணறு ஓரிடத்தில் நிற்கும். குழாய் ஊர் ஊராகப் போகும். வயலுக்கு அடியில், ஆற்றுக்கு அடியில் புதைந்து கிடக்கிற குழாயை எப்படிச் சோதிப்பது? அதற்கு ஒரு 'பன்றி' இருக்கிறது!

மீனைப் பார்த்தோம். இது பன்றி. கோபுரத்தின் உயரத்தில் ஆள் நிற்கும் பலகைக்குக் 'குரங்குப் பலகை' என்று பெயர். துளை போடுபவர் நிற்கும் அறைக்கு 'நாய் வீடு' என்று பெயர். எண்ணெய்க்காரர்கள் ஒரு மிருகக் காட்சி சாலையே வைத்திருக்கிறார்கள்!

பன்றி என்பது குழாயின் உள்ளளவுக்குச் சரியாகச் செய்த உருளைக் கருவி. அதைக் குழாயின் ஒரு முனையில் நுழைத்தால், வாயுவின் வேகமே அதைத் தள்ளிக் கொண்டு போகும். சாதாரணப் பன்றி, போகிற வழியில் உள்ளே தேங்கிய நீரையும் அழுக்கையும் துடைத்துக் கொண்டு போகும். கெட்டிக்காரப் பன்றி, காந்தத்தாலும் ஒலியாலும் குழாயின் சுவரை அளந்து கொண்டே போகும். எத்தனையாவது கிலோ மீட்டரில் சுவர் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று கணக்கு எழுதி வைத்துக் கொள்ளும். மறு முனையில் எடுத்துப் பார்த்து, அந்த இடத்தைத் தோண்டிக் குழாயை மாற்றலாம்.

ஆந்திராவில் நகரம் என்ற கிராமத்தில் 2014ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் தேதி விடியற்காலையில் கெயில் கம்பெனியின் வாயுக் குழாய் வெடித்தது. 20 பேருக்கு மேல் இறந்தார்கள். தேநீர்க் கடையில் அடுப்புப் பற்ற வைத்த சமயம் என்று அன்றைய செய்திகள் கூறின. குழாயின் உள்புறம் நீர் தங்கி அரித்திருந்தது. வாயு கசிகிறது என்று முன்பே புகார் சொன்னோம் என்றார்கள் ஊரார். ஊராரின் மூக்கு பன்றியைவிட முந்திக் கொண்டு விட்டது. மூக்கின் பேச்சு அம்பலம் ஏறவில்லை!

மூக்கு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சமையல் வாயுவுக்கு இயற்கையில் நாம் அறிகிற அந்த வாசனை கிடையாது. 1937ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி அமெரிக்காவில் நியூ லண்டன் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அடியில் மணமில்லாத வாயு கசிந்து நிறைந்தது. யாருக்கும் தெரியவில்லை. வெடித்துச் சுமார் 300 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் குழந்தைகள். அதன் பிறகுதான் வாயுவில் நாற்றம் கலக்க வேண்டும் என்ற சட்டம் வந்தது. நம் வீட்டுச் சிலிண்டரில் அழுகிய முட்டைக்கோஸ் போல ஒரு நாற்றம் வருகிறதே, அது வேண்டுமென்றே கலந்தது. ஏழை வீட்டு அடுப்படியிலும் இருக்கிற எச்சரிக்கை மணி அது.

சிலிண்டரின் ரப்பர்க் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். இடையில் சந்தேகம் வந்தால், சோப்பு நுரையைக் குழாயின் மேலும் இணைப்பின் மேலும் தடவிப் பாருங்கள். குமிழி விட்டால் கசிகிறது. தீக்குச்சி கிழித்துப் பார்க்கவே கூடாது. நாற்றம் வந்தால் அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடுங்கள். கதவு, சன்னல்களைத் திறந்து விடுங்கள். மின்சார விளக்குச் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பகலானாலும் இரவானாலும் எடுப்பார்கள்.